காந்த நானோ துகளால் கன உலோகம் நீக்கும்போது: கோளாறு வாரியாக எங்கே தேடுவது

மேக்னடைட் (காந்தத்துக்கு இழுபடும் இரும்பு ஆக்சைடு) நானோ துகளை நீரில் கலந்து, ஈயமோ காட்மியமோ ஆர்செனிக்கோ அதன் பரப்பில் ஒட்டியதும் காந்தத்தால் இழுத்தெடுத்து, அமிலத்திலோ காரத்திலோ கழுவி மறுபடி பயன்படுத்தும் முறைக்கான குறிப்பு இது. வெறும் துகளுக்கும், சிலிக்கா, அமீன் (நைட்ரஜன் கொண்ட தொகுதி), தயால் (கந்தகம் கொண்ட தொகுதி) பூச்சு ஏற்றிய துகளுக்கும் பொருந்தும். அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.5 முதல் 2 கிராம் வரை.

முடிவு சரியில்லை என்றதும் "துகள் செத்துவிட்டது" என்று கொட்டிவிடுவதுதான் வழக்கம். உண்மையில் துகள் கெட்டிருப்பது குறைவு. பிஹெச் நழுவியிருக்கும், துகள் நீரோடு தப்பியிருக்கும், அல்லது முந்தைய சுற்றின் கழுவல் மிச்சமிருக்கும். ஆகவே எந்தக் கோளாறானாலும் முதலில் மூன்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, கலக்கி முடித்த பிறகான பிஹெச். தொடக்கத்தில் வைத்தது கணக்கில்லை. ஈயம் போன்ற நேர்மின் அயனி பரப்பில் ஒட்டும்போது அங்கிருந்து ஹைட்ரஜன் அயனி வெளியேறும். தாங்கல் (பிஹெச்சை நிலைநிறுத்தும் கரைசல்) இல்லாத நீரில் 6-இல் தொடங்கியது 4.5-இல் வந்து நிற்கும்.

இரண்டாவது, சுத்திகரித்த நீரில் உள்ள மொத்த இரும்பு. வடிகட்டாமல், அமிலத்தில் கரைத்து அளக்க வேண்டும். துகள் தப்புகிறதா, கரைகிறதா என்று சொல்லும் எண் இது ஒன்றுதான்.

மூன்றாவது, துகள் போடாத ஒப்பீட்டுக் குப்பி. அதே நீர், அதே பிஹெச், அதே நேரம். இதில் ஈயம் குறைந்தால் அது துகளின் வேலை அல்ல. ஹைட்ராக்சைடாக வீழ்படிந்திருக்கிறது, அல்லது குப்பிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

தயாரித்த துகள் கறுப்பாக இல்லை

இரண்டு இரும்பு உப்புகளைக் காரம் விட்டுச் சேர்த்துப் படியவைக்கும் கூட்டு வீழ்படிவு முறையில் ஃபெரிக்கும் (இரும்பு-3) ஃபெரஸும் (இரும்பு-2) 2:1 மோல் விகிதம். ஒரு சிறு தொகுதிக்கு: ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 5.41 கிராம், ஃபெரஸ் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 2.78 கிராம், நைட்ரஜன் ஓட்டிக் காற்று நீக்கிய நீர் 100 மி.லி. 70 முதல் 80 டிகிரி செல்சியஸில் வேகமாகக் கலக்கிக்கொண்டே 25% அம்மோனியா 20 மி.லி.யை ஒரே வீச்சில் ஊற்றினால் கண் முன்னே கறுக்கும். கிடைக்கக்கூடிய உச்சம் 2.3 கிராம்.

செம்பழுப்பாக வந்து காந்தத்துக்கும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் ஃபெரஸ் உப்பு பழசு. நல்ல ஃபெரஸ் சல்ஃபேட் வெளிர் நீலப்பச்சைப் படிகமாக இருக்கும். படிகத்தின் மேல் மஞ்சளாகவோ துருநிறமாகவோ பொடி படர்ந்திருந்தால் ஒரு பகுதி ஃபெரிக்காக மாறிவிட்டது. நீங்கள் எடை போட்ட 2:1 குடுவைக்குள் 3:1 ஆகியிருக்கலாம். புது உப்பு எடுங்கள். நைட்ரஜன் இல்லாமல் திறந்த குடுவையில் செய்வதானால் ஃபெரஸை 10 முதல் 20% கூட்டிப் போடுங்கள். அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுவதும் கெடுக்கும்: இடைப்பட்ட பிஹெச்சில் கலவை அதிக நேரம் நின்றால் காந்தமில்லாத இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடுகள் உருவாகிவிடும்.

பழுப்புதான், ஆனால் காந்தத்துக்கு நன்றாக வருகிறது என்றால் அது மேக்கெமைட், அதாவது மேக்னடைட் ஆக்சிஜனேற்றமாகி வந்த காந்த இரும்பு ஆக்சைடு. தூக்கி எறிய வேண்டாம். ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் அது தாராளமாகப் போதும். குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக ஒடுக்க மட்டும் ஃபெரஸ் இரும்பு தேவை. அந்த வேலைக்கு மேக்கெமைட் உதவாது.

காந்தம் வைத்தும் நீர் தெளியவில்லை

துகளின் மேல் காந்தம் செலுத்தும் விசை துகளின் கன அளவையும் காந்தப்புலச் சரிவையும் (புலம் இடத்துக்கு இடம் மாறும் வேகம்) பொறுத்தது. தனித்து நிற்கும் 10 நானோமீட்டர் துகளை நீரின் வெப்ப அசைவே அலைக்கழித்துவிடும். சாதாரணக் காந்தம் அதன் மேல் செலுத்தும் விசை அற்பம். துகள்கள் காந்தப்புலத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து சங்கிலியாகி நகர்வதால்தான் பிரிப்பே நடக்கிறது. 12 நானோமீட்டர் அளவுள்ள சீரான துகள்களைக்கூட மிகக் குறைந்த புலச்சரிவில் பிரிக்கலாம் என்று 2006-இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 'சயன்ஸ்' இதழில் காட்டியதும் இந்தக் கூட்டு நகர்வால்தான். அதனால் மிக நேர்த்தியாகச் சிதறிய துகள் நமக்கு நல்லதல்ல. விளம்பரத்தில் "மாதக்கணக்கில் படியாது" என்று போட்டிருப்பது இந்த வேலைக்குக் குறையே தவிர நிறையல்ல.

தெளிந்துவிட்டதா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். இருட்டில் லேசர் விளக்கை நீர் வழியாக அடியுங்கள். ஒளிக்கோடு குப்பிக்குள் தொடர்ச்சியாகத் தெரிந்தால் துகள் இன்னும் மிதக்கிறது.

மிதந்தால் முதலில் பிஹெச்சைத் திருத்துங்கள். மேக்னடைட்டின் பரப்பு மின்னூட்டம் 6.5 முதல் 7 வாக்கில் பூஜ்யமாகும். அங்கே துகள்கள் ஒன்றையொன்று தள்ளாது, திரண்டுவிடும். பிஹெச்சை மாற்ற முடியாத நிலையில் லிட்டருக்கு 0.1 முதல் 0.2 கிராம் நீரற்ற கால்சியம் குளோரைடு பெரும்பாலும் போதும். காட்மியம் நீக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். கால்சியம் அதே இடங்களுக்குப் போட்டி போடும், குளோரைடு காட்மியத்தைக் கரைசலிலேயே பிடித்துவைக்கும்.

இயற்கை நீரில் ஹியூமிக் அமிலம் (மக்கிய இலைதழையிலிருந்து வரும் கரிமப் பொருள்) இருந்தால் அது துகளின் மேல் போர்த்தி எதிர்மின்னூட்டம் கொடுத்துவிடும், பிஹெச் 7-இலும் திரளாது. இங்கே உப்பை விட, காந்தங்களுக்கு நடுவே கம்பி இழை அடைத்த குழாயே சிறந்த வழி. 430 தர எஃகு இழை வாங்குங்கள். 304 தரம் காந்தத்துக்குக் கிட்டத்தட்ட வேலை செய்யாது. பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு இழை துருப்பிடித்து உங்கள் இரும்பு அளவீட்டையே கெடுக்கும். இழையின் விளிம்புகளில் புலச்சரிவு பல மடங்கு கூடும், நுண்துகளும் சிக்கும். குழாயைக் காந்தத்திலிருந்து வெளியே எடுத்துப் பின்னோக்கி நீர் விட்டால் துகள் திரும்பக் கிடைக்கும்.

எளிய கைப்பிழைகளும் உண்டு. நியோடிமியம் காந்தத்தின் பிடி சில சென்டிமீட்டரில் சரிந்துவிடும்; 5 லிட்டர் வாளியின் வெளிச்சுவரில் ஒட்டிவைத்து நடுநீர் தெளியக் காத்திருக்க வேண்டாம். சாதாரண தரக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் நிரந்தரமாக வலு இழக்கும். நீரை வடிக்கும்போது காந்தத்தை எடுக்காமல் மேலிருந்து சைஃபன் குழாயால் இழுங்கள். பிறகு, காந்தக் கலக்கி. குப்பிக்குள் சுழலும் அந்த வெள்ளைக் குச்சியே ஒரு காந்தம். சில நிமிடத்தில் அதன் மேல் கறுப்பு மீசை முளைத்திருக்கும், நீரில் பாதித் துகள்தான் இருக்கும். மேலிருந்து சுழற்றும் துடுப்புக் கலக்கியோ குலுக்கியோ பயன்படுத்துங்கள்.

உலோகம் குறையவே இல்லை

எந்த உலோகத்துக்கு எந்த பிஹெச் என்பதில்தான் பெரும்பாலும் சிக்கல். 6.5-க்குக் கீழே துகள் பரப்பு நேர்மின்னூட்டம் கொண்டது. ஆர்சனேட் (ஆர்செனிக்-5), குரோமேட் (குரோமியம்-6) போன்ற எதிர்மின் அயனிகளை ஈர்க்கும், ஈயத்தையும் காட்மியத்தையும் தள்ளும். ஆனாலும் ஈயமும் தாமிரமும் ஆக்சைடு பரப்போடு நேரடிப் பிணைப்புக் கொள்வதால் 5 முதல் 6-இலேயே ஒட்டிவிடும். காட்மியம், நிக்கல், துத்தநாகத்துக்கு 7 முதல் 8 வேண்டும். ஆர்செனிக்-5-க்கு 4 முதல் 7.

ஆர்செனிக்-3 தனிக் கதை. பிஹெச் 9 வரை அது மின்னூட்டமில்லாத மூலக்கூறாகவே இருக்கும். நிலத்தடி நீரில் இதுவே மிகுதியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். முதலில் குளோரினாலோ பெர்மாங்கனேட்டாலோ ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டுத் துகளைப் போடுங்கள். மிச்சக் குளோரின் இருந்தால் அமீன், தயால் பூச்சைத் தின்றுவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரோமியம்-6 பிஹெச் 2 முதல் 3-இல் அருமையாகப் போகும் என்று எங்கும் எழுதியிருக்கும். போகும்தான்; கூடவே துகளும் கரையும். 3-க்குக் கீழே இறங்காமல் 3 முதல் 4-க்குள் அமீன் பூச்சுத் துகளை வைத்து ஓட்டுவது நல்லது. பாதரசத்துக்கு வெறும் மேக்னடைட் வீண். கந்தகத்தோடுதான் அது இறுகப் பிணையும், தயால் பூச்சு வேண்டும்.

சோதனைக்கென்று நீங்களே உலோகம் கலந்த நீரில் துகள் வேலை செய்யவில்லையா? கலந்த திட்டக் கரைசலின் (உலோக அளவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) புட்டியைப் படியுங்கள். 1000 மி.கி./லி. திட்டக் கரைசல்கள் பலவும் 2% நைட்ரிக் அமிலத்தில் இருக்கும். அதில் 5 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் வாலைவடி நீரில் விட்டால் ஈயம் 5 மி.கி./லி. வரும், பிஹெச் 2.8-க்கு இறங்கும். அங்கே எந்தத் துகளும் ஈயத்தைத் தொடாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்த பிறகே துகளைச் சேருங்கள்.

பிஹெச்சை நிலைநிறுத்தப் பாஸ்பேட் தாங்கலைப் போடுவது அடுத்த தவறு. பாஸ்பேட் ஆர்சனேட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈயத்தையோ தானே வீழ்படியச் செய்துவிடும், பொய்யான வெற்றி கிடைக்கும். சிட்ரேட்டும் உலோகத்தைக் கட்டிப்போடும். எம்இஎஸ் போன்ற, உலோகத்தோடு அதிகம் பிணையாத தாங்கல் பரவாயில்லை.

குறைகிறது, ஆனால் வரம்புக்குக் கீழே போக மாட்டேன் என்கிறது

உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 3, கனிமப் பாதரசத்துக்கு 6. மில்லிகிராம் அளவிலிருந்து 95% நீக்கினோம் என்று சொல்லிக்கொள்வது எளிது. இந்த எண்களைத் தொடுவது வேறு வேலை.

காரணம் கணக்கில் இருக்கிறது. துகளின் கொள்ளளவு என்று அறிக்கையில் போடும் எண், கரைசலில் உலோகம் தாராளமாக மிச்சமிருக்கும்போது கிடைக்கும் உச்சம். கரைசல் நீர்க்க நீர்க்க அது சரியும். ஓர் உதாரணம்: லாங்முயர் சமன்பாட்டின்படி (கரைசலில் மிச்சமுள்ள உலோகத்துக்கு ஏற்பத் துகள் எவ்வளவு ஏற்கும் என்று சொல்வது) உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 40 மி.கி., மாறிலி மி.கி.க்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மிச்ச ஈயம் 0.01 மி.கி./லி. ஆக வேண்டும் என்றால் அந்த நிலையில் கிராமுக்கு 0.78 மி.கி. மட்டுமே ஏறும். 5 மி.கி./லி. நீரை ஒரே தடவையில் அங்கே கொண்டுபோக லிட்டருக்கு 6.4 கிராம் துகள் வேண்டும். 40-ஆல் வகுத்து 0.125 கிராம் போட்டவர் ஏமாறாமல் என்ன செய்வார்?

இரண்டு கட்டமாகப் பிரித்தால் கணக்கே மாறும். முதல் கட்டத்தில் 5-இலிருந்து 0.2-க்கு: அங்கே கிராமுக்கு 11.4 மி.கி. ஏறும், 0.42 கிராம் போதும். இரண்டாம் கட்டத்தில் 0.2-இலிருந்து 0.01-க்கு: 0.24 கிராம். மொத்தம் 0.66 கிராம், பத்தில் ஒரு பங்கு. இரண்டாம் கட்டத்தில் பயன்படுத்திய துகள் கிட்டத்தட்ட வெறுமையாகவே இருக்கும். அதைக் கழுவாமல் அடுத்த தொகுதியின் முதல் கட்டத்துக்கு அனுப்புங்கள். புதிதாகக் கழுவிய துகள் எப்போதும் கடைசிக் கட்டத்துக்கே. வரம்பைத் தொடாத அமைப்புகளுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான், புதுப் பூச்சு தேடி அலைவதல்ல.

திட்டக் கரைசலில் சரி, உண்மை நீரில் படுத்துவிடுகிறது

போட்டி அயனிகள். ஆர்செனிக்குக்குப் பாஸ்பேட் முதல் எதிரி, சிலிக்கேட் இரண்டாவது. சிலிக்கேட் மெதுவாக ஏறுவதால் ஒரு மணி நேரச் சோதனையில் தெரியாது, சில சுற்றுகள் கழித்துத் தெரியும். காட்மியத்துக்குக் கால்சியமும் குளோரைடும். நிலத்தடி நீரில் கரைந்த ஃபெரஸ் இருந்தால் காற்றுப் பட்டதும் ஃபெரிக் ஹைட்ராக்சைடாகித் துகளின் மேல் பழுப்பாகப் பூசிக்கொள்ளும். அந்த நீரை முன்கூட்டியே காற்றேற்றி, படியவிட்டு, வடித்த பிறகு துகளைச் சேருங்கள்.

பகுப்பாய்வு எண் முன்னுக்குப் பின் முரணாக வருகிறது

0.45 மைக்ரோமீட்டர் வடிதாள் வழியாக 10 நானோமீட்டர் துகள் தாராளமாகப் போகும். அந்த மாதிரியை நைட்ரிக் அமிலம் விட்டுப் பிஹெச் 2-க்குக் கீழே வைத்துச் சேமித்தால், துகளில் ஒட்டியிருந்த ஈயம் எல்லாம் கழன்று கரைசலுக்கு வந்துவிடும். எவ்வளவு என்று இரும்பு அளவே சொல்லும்: மேக்னடைட்டில் இரும்பு 72.4%, ஆகவே 1 மி.கி./லி. இரும்பு என்றால் சுமார் 1.4 மி.கி./லி. துகள். அதில் கிராமுக்கு 5 மி.கி. ஈயம் ஏறியிருந்தால், தப்பிய துகள் மட்டுமே லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் ஈயத்தைச் சுமந்து வருகிறது. வரம்பே 10. இங்கே குறை துகளின் பிடிப்பில் இல்லை, பிரிப்பில் இருக்கிறது. கரைந்தது எவ்வளவு, துகளில் வருவது எவ்வளவு என்று பிரித்தறிய, துகளைவிடச் சிறிய துளையுள்ள (10 நானோமீட்டருக்கும் குறைவான) நுண்வடிகட்டி பயன்படுத்துங்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிய கரைசலை ஐசிபி-எம்எஸ் (தனிமங்களை அவற்றின் நிறையை வைத்து அளக்கும்) கருவியில் கொடுத்து ஆர்செனிக் தாறுமாறாக உயர்ந்தால், ஆர்கானும் குளோரினும் சேர்ந்த அயனி அதே நிறை 75-இல் விழுகிறது என்று பொருள். ஹீலியம் மோதல் அறையை இயக்குங்கள், அல்லது அந்த மாதிரிகளில் குளோரைடைத் தவிருங்கள்.

மூன்று, நான்கு சுற்றில் திறன் விழுகிறது

முதல் கேள்வி: குப்பிக்குள் இன்னும் எத்தனை கிராம் துகள் இருக்கிறது? ஒவ்வொரு வடிப்பிலும் 5% போனால் 10 சுற்றில் 60% தான் மிச்சம். அதைத் "திறன் 40% சரிந்தது" என்று வரைபடம் போடுகிறவர்கள் உண்டு. நன்றாகக் குலுக்கிய குழம்பில் 1 மி.லி. எடுத்து 105 டிகிரியில் உலர்த்தி எடை பாருங்கள். மொத்தத் துகளையும் உலர்த்த வேண்டாம். உலர்ந்தால் இறுகிக் கட்டியாகும், மறுபடி பழையபடி சிதறாது. எப்போதும் குழம்பாகவே வைத்திருங்கள்.

எடை சரியாக இருந்தால் கழுவலைப் பாருங்கள். ஈயம், காட்மியம், தாமிரத்துக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கிராமுக்கு 20 மி.லி., 15 முதல் 30 நிமிடம். இரவு முழுதும் ஊறவிட்டால் உலோகம் அதிகம் வராது, இரும்புதான் வரும். முடிவில் அமிலத்தின் பிஹெச் 2-க்கு மேல் ஏறியிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது, உலோகம் பாதி துகளிலேயே நிற்கிறது. புது அமிலத்தில் இன்னொரு முறை. கழுவிய அமிலத்தில் இரும்பையும் அளவிடுங்கள்: மேலே சொன்ன விகிதத்தில் 360 மி.கி./லி. என்றால் அந்தச் சுற்றில் 1% துகள் கரைந்திருக்கிறது. அதற்கு மேல் போனால் அமிலத்தை 0.05 மோலாராகக் குறையுங்கள். ஈயத்துக்குச் சல்ஃபியூரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். ஈய சல்ஃபேட் பரப்பிலேயே படிந்துவிடும்.

ஆர்செனிக்குக்கும் குரோமியத்துக்கும் 0.1 முதல் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. இது வெறும் துகளுக்கு மட்டும். சிலிக்கா பூச்சு காரத்தில் கரையும். ஒவ்வொரு கழுவலிலும் பூச்சும், அதன் மேல் நட்ட அமீனும் உரிந்து போகும். நான்காம் சுற்றில் வெறும் மேக்னடைட்டை வைத்துக்கொண்டு அமீன் துகள் வேலை செய்யவில்லை என்பீர்கள். குரோமியத்தில் இன்னொரு சரிவும் உண்டு: ஒடுக்கப்பட்ட குரோமியம்-3 ஹைட்ராக்சைடாகப் பரப்பை மூடிவிடும், காரம் அதைச் சரியாகக் கழற்றாது. இதற்கு எளிய மீட்பு இல்லை. சில சுற்றுகளில் துகளை மாற்றத் திட்டமிடுங்கள்.

தயால் துகளை நைட்ரிக் அமிலத்தில் கழுவாதீர்கள், தயால் ஆக்சிஜனேற்றமாகிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தயோயூரியா கலந்து கழுவுங்கள். தயால் மிச்சமிருக்கிறதா என்று எல்மன் வினைப்பொருளால் பார்க்கலாம். மஞ்சள் நிறம் எழவில்லை என்றால் அந்தத் துகள் பாதரசத்துக்கு முடிந்தது.

கழுவிய பின் அலசல் போதாததும் திறன் வீழ்ச்சியாகவே தெரியும். அமிலம் மிஞ்சினால் அடுத்த தொகுதியின் பிஹெச் இறங்கும். காரம் மிஞ்சினால் ஏறி, உலோகம் வீழ்படிந்து, நீக்கம் 99% என்று காட்டும். அந்த வீழ்படிவு காந்தத்துக்கு வராது. உலோகத்தை இறுகப் பிடிக்கும் இடிடிஏ கரைசலால் கழுவியிருந்து அது மிஞ்சினால் அடுத்த நீரின் ஈயத்தைக் கரைசலிலேயே பிடித்துவைக்கும். கிராமுக்கு 20 மி.லி. வீதம் மூன்று அலசல், கடைசி அலசல் நீரின் பிஹெச் நீங்கள் ஊற்றிய நீரின் பிஹெச்சோடு ஒத்துப்போகும் வரை.

கழுவிய கரைசல் குவிகிறது

உலோகம் எங்கும் மறையவில்லை, சிறிய கன அளவுக்குள் அடர்ந்திருக்கிறது. அமிலக் கழுவலைச் சோடியம் ஹைட்ராக்சைடால் பிஹெச் 9 முதல் 10-க்கு உயர்த்தினால், கரைந்து வந்த இரும்போடு சேர்ந்து ஈயமும் காட்மியமும் படியும். 11-ஐத் தாண்ட வேண்டாம், ஈயம் மறுபடி கரையும். சல்ஃபைடு சேர்த்து வீழ்படியவைக்கிறீர்கள் என்றால் கரைசல் காரமாக இருக்கும்போது மட்டும். அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும், அது கொல்லும். இடிடிஏ கழுவல் இந்த வழிக்கு வராது, உலோகத்தை விடாது. அதைத் தனிப் புட்டியில் பெயர் ஒட்டி வையுங்கள். படிந்த சேறு அபாயக் கழிவு, அந்த வழியில்தான் அப்புறப்படுத்த வேண்டும்.